முப்பத்திரண்டு கையெழுத்து

எலந்தைமேட்டுக் காலனியில் சம்பூர்ணத்தை ஏமாற்றிவிட்டேன் என்று மார்தட்டிக்கொள்ள ஓர் ஆள் கிடையாது. மீன்காரி தராசைத் தூக்கினால் தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் சீல் உடையாததைக் காட்டினாலும் விடமாட்டாள், ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைக்கச் சொல்வாள். கொத்தனார் வேலைக்குப் போகும் புருஷன் ஏழரை மணிக்கு வீடு திரும்பினால், இருட்டின பிறகு எவன் செங்கல் அடுக்குகிறான் என்று கேட்பாள். அந்த மனுஷனும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் வரவில்லை.

அவளைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் பதின்மூன்று வருஷம் ஒருவனையே நினைத்து, அவன் நின்றது, நடந்தது, பேசினது, பேசாதது எல்லாவற்றையும் எடைபோட்டுக்கொண்டிருந்தவளுக்கு மீன்காரியின் தராசு எம்மாத்திரம்? அந்த ஒருவன் பேர் தேவசகாயம். தன் தம்பி ஸ்டான்லியைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தவன் அவன்தான் என்று சம்பூர்ணம் நம்பினாள். அவள் நம்பியதால் காலனியும் நம்பியது.

காலனி திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. கிழக்கே கால்வாய், அதைத் தாண்டினால் உப்பளம், அப்புறம் கடல். சம்பூர்ணம் பிறந்தபோது அவள் அப்பா எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். தம்பி பிறப்பதற்குள் ஞானஸ்நானம் வாங்கிவிட்டார். அதனால் அக்கா சம்பூர்ணம், தம்பி ஸ்டான்லி. பேரில் இருந்த வித்தியாசம் வயிற்றில் இல்லை. இரண்டு பேருமே ஊர்க்காரர்களின் வயலில் நாற்றுப் பிடுங்கித்தான் வளர்ந்தார்கள்.

காலனிக்குத் தெற்கே பன்னிரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் சேரி ஜனங்களுக்கென்று ஒதுக்கி, வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று எழுதிவைத்த பஞ்சமி நிலம். விற்கக் கூடாது என்று எழுதிவைத்தால் விற்காமல் இருந்துவிடுவார்களா? எப்படியெப்படியோ கை மாறி, தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஒரு ரியல் எஸ்டேட்காரன் அதில் கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டி, மனைப் பிரிவு போட்டான். அந்தக் கொடிகளைப் பார்த்த பிறகுதான் காலனிக்கு அது தங்கள் நிலம் என்பதே உறைத்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அறிவொளி இயக்கம் வந்திருந்தது. சாயங்காலமானால் திருப்போரூரிலிருந்து ஒரு வாத்தியார் சைக்கிளில் வந்து பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். கையெழுத்துப் போடத் தெரிந்தவனை எவனும் ஏய்க்க முடியாது என்பார். சம்பூர்ணத்துக்கு அப்போது இருபத்தாறு வயது. மூன்று மாதத்தில் எழுதக் கற்றுக்கொண்டாள், ஆறு மாதத்தில் வாத்தியாருடைய எழுத்தைவிட அவள் எழுத்து நன்றாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் கோலப் புள்ளி மாதிரி நிதானமாக வைப்பாள். அதைவிட அவளுக்குப் பெருமை, காலனியில் இருந்த மற்றவர்களைத் துரத்தித் துரத்திக் கையெழுத்துப் பழக்கியதுதான். கைநாட்டு வைக்கிற மை டப்பாவைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

நிலத்துக்காகச் சங்கம் ஆரம்பித்தார்கள். உப்பளத்தில் தொழிற்சங்கம் நடத்திய அனுபவமுள்ள உலகநாதன் தலைவர். எழுதுகிற வேலை சம்பூர்ணத்துக்கு. குடும்பத்துக்கு ஒருவராக முப்பத்திரண்டு பேர். என்ன பேசினாலும் தீர்மான நோட்டில் ஏற வேண்டும், ஏறினதன் கீழே முப்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சம்பூர்ணத்தின் சட்டம். டீ வாங்கி வருவதற்குக்கூட அவள் தீர்மானம் எழுதிவிடுவாள் என்று ஸ்டான்லியே கிண்டல் செய்வான்.

தொண்ணூற்று நாலு அக்டோபரில், பன்னிரண்டாம் தேதி விடியற்காலை நிலத்தில் இறங்கி உழுது விதைப்பது என்று முடிவு செய்தார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலமே ஏழு இளவட்டங்கள் ஏர், மண்வெட்டி, விதைக் கேழ்வரகு எல்லாம் எடுத்துக்கொண்டு, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த கூரையில்லாத பழைய உப்புக் கிடங்கில் போய்த் தங்குவதாக ஏற்பாடு. காலனியில் இருந்தால் தடுத்துவிடுவார்கள் என்கிற பயம். கிடங்கு விஷயம் முப்பத்திரண்டு பேருக்கு மேல் ஒருத்தருக்கும் தெரியாது.

பதினோராம் தேதி சாயங்காலம் ஐந்தரை மணிக்கு இரண்டு வேன் போலீஸ் நேராக அந்தக் கிடங்கின் வாசலில் போய் நின்றது. காலனிப் பக்கம் தேடவில்லை, வழியில் யாரையும் கேட்கவில்லை. ஏழு பேரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கு அப்புறம்தான், ராத்திரி, காலனிக்குள் புகுந்து வீடு வீடாகத் தேடினார்கள். மறுநாள் மத்தியானம் ஸ்டான்லி நெஞ்சுவலியில் இறந்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார்கள். இருபத்துநாலு வயதுப் பையன். வலையும் ஏரும் இழுத்த உடம்பு. செங்கல்பட்டு சவக்கிடங்கில் அவன் முதுகைப் பார்த்த சம்பூர்ணத்துக்கு நெஞ்சுவலி எங்கே வந்தது என்பது தெரிந்துவிட்டது.

மிச்சம் ஆறு பேரில் ஐந்து பேரைச் சிறையில் அடைத்தார்கள். ஒருவன் மட்டும் அடக்கத்தன்று நடந்து வந்து சேர்ந்தான். அதுதான் தேவசகாயம். ஸ்டான்லியின் கூட்டாளி. கல்லறைத் தோட்டத்தில் அவன் ஒரு பிடி மண்ணை எடுத்துக் குனிந்தபோது சம்பூர்ணம் கேட்டாள்.

"நீ மட்டும் எப்டிடா வந்த?"

"மஞ்சக்காமாலைன்னு வுட்டுட்டாங்கக்கா."

"போலீசுக்காரன் காமாலைக்குப் பாவம் பாக்குறானா? என் தம்பிக்குப் பாக்கல, ஒனுக்கு மட்டும் பாக்குறானா?"

அவன் மண்ணைப் போட்டுவிட்டு எழுந்து போனான். சுற்றி நின்ற அத்தனை பேர் காதிலும் அந்தக் கேள்வி விழுந்தது. சாயங்காலத்துக்குள் கேள்வி போய் பதிலாகிவிட்டது. கிடங்கைச் சொன்னவன் இவன்தான். இல்லாவிட்டால் ஏன் விட்டார்கள்?

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் சாட்சியானது. திருப்போரூர் பஸ் நிலையத்தில் ஒரு மப்டி போலீஸ்காரன் அவன் பக்கத்தில் நின்று பேசியதைச் சங்கத்தில் இருந்த சந்திரம்மா பார்த்தாள். அவன் புதுச் சட்டை போட்டால் எவன் கொடுத்த காசு என்றார்கள், பழைய சட்டை போட்டால் நடிக்கிறான் என்றார்கள். நல்லது கெட்டதுக்கு அவனைக் கூப்பிடுவதில்லை. தொண்ணூற்று ஆறில் அவன் அம்மா தெய்வநாயகி இறந்தபோது பாடை தூக்கக் காலனியில் ஒரு தோள் வரவில்லை. கருங்குழியிலிருந்து அவன் மாமன் மக்கள் நாலு பேர் வந்து தூக்கினார்கள். சம்பூர்ணம் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். தெய்வநாயகி அவளுக்குப் பிரசவம் பார்த்தவள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். மறு வாரமே தேவசகாயம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கருங்குழிக்குப் போய் ஒரு ரைஸ் மில்லில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

சம்பூர்ணத்துக்கும் அதே வருஷம் வேலை கிடைத்தது. கடற்கரையோரம் இருந்த அணு ஆராய்ச்சி ஊழியர்களின் நகரியத்தில், பள்ளிக்கூடத்து ஆயா. எழுதப் படிக்கத் தெரிந்ததால் வருகைப் பதிவேட்டை எடுத்துப் போவது, நோட்டீஸ் ஒட்டுவது எல்லாம் அவளிடம் வந்தது. மாசம் பிறந்தால் சம்பளம். பிள்ளைகள் படித்தார்கள், ஓட்டு வீடு மாடி வீடானது. ஆனாலும் ஒவ்வொரு அக்டோபரிலும் தம்பியின் கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு வந்து, ஸ்டான்லியின் சாவுக்கு நியாயம் கேட்டு ஒரு மனு எழுதுவாள். கலெக்டருக்கு, மனித உரிமைக்காரர்களுக்கு, கோர்ட்டுக்கு. கோர்ட்டில் ரோகிணி என்கிற இளம் வக்கீல் அவளுக்காக நின்றாள்.

இரண்டாயிரத்து ஏழில் இரண்டு காரியம் சேர்ந்து நடந்தது. பன்னிரண்டு ஏக்கரில் வீடு ஏறாமல் மிஞ்சிய இரண்டு ஏக்கரை அரசாங்கம் மீட்டது. ஊருக்கும் காலனிக்கும் சப் கலெக்டர் சமாதானக் கூட்டம் போட்டு, பழைய சங்கத்தின் முப்பத்திரண்டு குடும்பத்துக்கும் ஆளுக்கு ஐந்து சென்ட் பட்டா என்று முடிவாயிற்று. பட்டியலைச் சங்கமே சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். பட்டியலில் இருபத்தேழாவது பேர் தேவசகாயம்.

"அவன் பேரு வரக் கூடாது," என்றாள் சம்பூர்ணம். "என் தம்பி ரத்தம் சிந்துன மண்ணுல அவன் வூடு கட்டுவானா?"

உலகநாதனுக்கு வயதாகியிருந்தது. ஐந்து சென்ட் என்பது ஒரு மனுஷனுக்கு என்ன என்று அவருக்குத் தெரியும். "ஆதாரம் இல்லாம பேர அடிச்சா, நாளைக்கு அவன் கோர்ட்டுக்குப் போவாம்மா," என்றார்.

ஆதாரத்துக்குத்தான் இரண்டாவது காரியம் வழி செய்தது. போலீசின் ரகசியப் பிரிவு அந்த நாளில் சங்கத்தைப் பற்றி வைத்திருந்த கோப்பைச் செத்தவனின் குடும்பம் பார்க்கலாம் என்று கோர்ட் உத்தரவு போட்டது. நகல் எடுக்கக் கூடாது, வெளியே கொண்டுபோகக் கூடாது, செங்கல்பட்டு சப் கலெக்டர் அலுவலகத்தில் வைத்து இரண்டு மணி நேரம் படிக்கலாம். சம்பூர்ணம் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நாள் குறிக்கச் சொன்னாள். தேவசகாயத்தையும் வரவழைக்கச் சொன்னாள். எல்லார் எதிரிலும் படித்துக் காட்டிவிட்டுப் பேரை அடிப்பது என்பது அவள் கணக்கு.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்குப் போனாள். ரோகிணி கூட வந்தாள். திருநாவுக்கரசு என்கிற அலுவலகக் கண்காணிப்பாளர் ஒரு பழுப்புக் காகிதக் கட்டை மேஜைமேல் வைத்துவிட்டு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நூற்றுப் பதினெட்டுப் பக்கம். சம்பூர்ணம் முதலில் பக்க எண்களை மட்டும் ஒன்றிலிருந்து கடைசிவரை எண்ணினாள். எதையாவது கிழித்திருப்பார்கள் என்று அவளுக்கு நிச்சயம். எல்லாம் இருந்தது. எல்லாம் இருந்ததும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

படிக்கப் படிக்க, தங்கள் காலனியை யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது. பார்த்தவனுக்குக் கண் சரியில்லை என்பதும் தெரிந்தது. டிசம்பர் மாதத்தில் இளைஞர்கள் தினமும் கூடிப் பயிற்சி எடுப்பதாக ஓர் அறிக்கை. அது கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி. வெளியூர் ஆசாமி ஒருவர் சைக்கிளில் வந்து மூளைச்சலவை செய்வதாக இன்னொன்று. அது அறிவொளி வாத்தியார். 'நம்பத்தகுந்த வட்டாரம்' என்று பக்கத்துக்குப் பக்கம் வந்தது. யார் அந்த வட்டாரம்? மளிகைக்கடைக்காரரா, தபால்காரரா, சந்திரம்மாவின் மச்சானா? ஒவ்வொரு முகமாக வந்து போயிற்று. பதினேழாம் பக்கத்தில் அவளே இருந்தாள். 'சம்பூர்ணம், வயது 29, எழுதப் படிக்கத் தெரிந்தவர், கவனிக்கத்தக்கவர்.' கவனிக்கத்தக்கவர் என்கிற வார்த்தையை இரண்டு முறை படித்தாள். கோபத்துக்கு நடுவில் ஒரு சின்னப் பெருமையும் எட்டிப் பார்த்ததை மறைப்பதற்கில்லை.

விரலை வரிக்கு வரி நகர்த்தித் தேவசகாயத்தின் பேரைத் தேடினாள். அறிக்கைகளில் மூன்று இடத்தில் இருந்தது. கைதானவர்கள் பட்டியலில் ஒன்று. அடுத்தது டாக்டர் சீட்டின் கீழே: 'கடுமையான மஞ்சள் காமாலை. ஏற்கெனவே ஒருவர் இறந்துள்ள நிலையில் இவரையும் வைத்திருப்பது உசிதமல்ல.' ஒரு சாவைச் சமாளிக்கிறபோது இன்னொரு சாவு வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, அடுத்த வருஷத்து அறிக்கை. 'மேற்படி தேவசகாயம் காலனியாரால் ஒதுக்கப்பட்டுள்ளதால் தகவல் பெறப் பயன்படக்கூடும் எனக் கருதி திருப்போரூர் பஸ் நிலையத்தில் அணுகப்பட்டார். மறுத்ததோடு தகாத வார்த்தைகளால் திட்டினார்.'

சம்பூர்ணம் நிமிர்ந்து வக்கீலைப் பார்த்தாள். "இது அவனக் காப்பாத்த எழுதுனது. இவங்களே எழுதிகினு இவங்களே சொருவிக்கினாங்க."

"அக்கா, அவருக்காக இவங்க ஏன் பொய் எழுதணும்?" என்றாள் ரோகிணி. "இந்த ஃபைல் வெளியில வரும்னே யாரும் நெனச்சிருக்க மாட்டாங்க."

சம்பூர்ணம் பக்கத்தைத் திருப்பினாள். நாற்பத்தாறாம் பக்கம் ஜெராக்ஸ் தாள். கொஞ்சம் மங்கியிருந்தது. எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நிதானமாக, கோலப் புள்ளி மாதிரி.

'தீர்மானம் நான்கு: 12ஆம் தேதி விடியற்காலை நிலத்தில் இறங்குவது. தீர்மானம் ஐந்து: 11ஆம் தேதி மாலை ஸ்டான்லி, தேவசகாயம் உள்ளிட்ட ஏழு பேர் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள பழைய உப்புக் கிடங்கில் தங்குவது.' ஐந்தாம் தீர்மானத்தின் கீழே சிவப்பு மையில் கோடு. ஓரத்தில் 'உடன் நடவடிக்கை' என்று ஒரு கிறுக்கல். அதற்குக் கீழே முப்பத்திரண்டு கையெழுத்து. மேலே வரவு முத்திரை: பதிவுத் தபாலில் வரப்பெற்றது, 5.10.94.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மறந்திருந்தால் அல்லவா ஞாபகம் வர வேண்டும்? மறக்கவே இல்லை. அதை ஒரு குற்றத்தோடு சேர்த்து நினைக்கத்தான் அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அதற்கு முன்னால் நிலம் கேட்டுப் போட்ட இரண்டு மனுவும் தீர்மான நகல் இணைக்கப்படவில்லை என்று திரும்பி வந்திருந்தன. அதனால் மூன்றாவது மனுவோடு நோட்டின் அந்தப் பக்கத்தைத் திருப்போரூரில் நாலு ஜெராக்ஸ் எடுத்தாள். கையெழுத்துகள் இருந்ததும் அந்தப் பக்கம்தான், நாலாம் ஐந்தாம் தீர்மானங்கள் இருந்ததும் அந்தப் பக்கம்தான். முப்பத்திரண்டு பேரில் ஒருத்தர்கூடக் கைநாட்டு இல்லை என்பதைக் கலெக்டர் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மனுவின் அடியில் எல்லாரும் போடுகிற மாதிரி, 'நகல்: சப் கலெக்டர், தாசில்தார், காவல் ஆய்வாளர்' என்று எழுதி, நாலு கவரையும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் சேர்த்தாள். மனு என்றால் அடியில் நகல் போட வேண்டும். போடாவிட்டால் அது மனுவே இல்லை. போலீசுக்குத் தகவல் சொல்வது ஒன்று, அரசாங்கத்துக்கு மனுப் போடுவது வேறொன்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவள் மட்டுமா, காலனியே அப்படித்தான் நினைத்திருந்தது. அந்த நாலு ஒப்புகை அட்டையும் வந்தபோது உலகநாதன் எல்லாருக்கும் காட்டினார்.

"இத எப்ப சொருவுனீங்க?" என்றாள் கண்காணிப்பாளரிடம்.

திருநாவுக்கரசு கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இது உங்க எழுத்து இல்லேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. நான் மேல அனுப்பறேன்."

ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் தள்ளினார். எழுதினால் அதே எழுத்துத்தான் வரும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. சம்பூர்ணம் பேனாவைத் தொடவில்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ரோகிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போட்டது மனுக்கா. அடிச்சது அவங்க. அடிச்ச ஆளோட பேர் நூத்திப் பதினெட்டுப் பக்கத்துல ஒரு எடத்துலயும் இல்ல, கவனிச்சீங்களா?"

கவனித்தாள். நெஞ்சுவலி என்று மூன்று இடத்தில் இருந்தது. லத்தி என்று ஓர் இடத்திலும் இல்லை. காலனியில் யார் யாரோடு டீ குடித்தார்கள் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு, அன்றைக்கு ஸ்டேஷனில் யார் பணியில் இருந்தார்கள் என்று எழுதத் தெரியவில்லை. ஆனால் பதின்மூன்று வருஷமாகக் காலனி தேடிக்கொண்டிருந்தது அடித்தவனை அல்ல. சொன்னவனைத்தான். அடித்தவனைத் தேடுவதற்குத் தைரியம் வேண்டும், சொன்னவனைத் தேடுவதற்குப் பக்கத்து வீடு போதும்.

மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பியைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம் என்கிற எண்ணம் பள்ளிக்கூடத்து மணி அடிக்கும்போதுகூட நெஞ்சை அறுத்தது. கூடவே இன்னொரு எண்ணமும் வந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் அவளைப் பற்றிச் சொன்னது முழுசாகாது. கோப்பை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. வக்கீல் வாயைத் திறக்கமாட்டாள். 'யார் சொன்னாங்கன்னு அதுல போடல' என்று சொன்னால் போதும், முடிந்தது. பொய்கூட இல்லை. தேவசகாயத்தின் பேர் அடிபடும், அவன் கருங்குழியிலேயே இருந்துகொள்வான். பழகினவன்தானே. சனிக்கிழமை சாயங்காலம்வரை அப்படித்தான் சொல்வதாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயில் விட்டதும் பதினோரு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் கூடினார்கள். ஃபேன் ஓடவில்லை. தேவசகாயம் வாசல் பக்கத்தில், செருப்பை விட்ட இடத்துக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு வயதுக்கு அதிகமாகவே நரைத்திருந்தான். அவனைச் சுற்றி இரண்டு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. யாரும் சொல்லி அப்படி விடவில்லை, தானாக விழுந்த இடம். சம்பூர்ணம் அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். அவன் காலனியை விட்டுப் போகிறவரை அதைப் பார்த்து நிம்மதிப்பட்டிருக்கிறாள். இன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

"சொல்லும்மா," என்றார் உலகநாதன். "இன்னா போட்டிருந்துச்சு?"

எழுந்து நின்றாள். மனப்பாடம் செய்துவந்த வாக்கியம் வாய்வரை வந்தது.

"கெடங்கப் பத்தி யாரும் போயி சொல்லல," என்றாள். "நான்தான் அனுப்புனேன். மனுவோட தீர்மான நகல் வெச்சன். அதுல எல்லாம் இருந்துச்சு. போலீசுக்கும் நகல் போட்டன். என் எழுத்து. நான் பாத்தன். தேவசகாயம் ஒண்ணும் சொல்லல. அவன அவங்க கூப்ட்டப்போ திட்டிட்டு வந்துகீறான். அதுவும் எழுதிக்கீது."

அவள் தேவசகாயத்தைப் பார்த்துக் கை கூப்பினாள். "மன்னிச்சிக்கோ சாமி," என்றாள். அழுதாள்.

யாராவது எழுந்து அவனைக் கட்டிக்கொள்வார்கள், யாராவது தன்னையும் பிடித்து உட்காரவைப்பார்கள் என்று அவள் எதிர்பார்த்திருக்கலாம். உலகநாதன் மட்டும் தொண்டையைக் கனைத்து, "அப்ப இருவத்தேழாம் பேரு இருக்கட்டும்," என்றார்.

சந்திரம்மாதான் முதலில் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, யோசித்துக்கொண்டே கேட்டாள். "அன்னிக்கு ராத்திரி எல்லார் வூட்லயும் பூந்து தேடுனானுங்க. எங்கூட்டு அரிசிப் பானையக் கவுத்தானுங்க. ஒங்கூட்ல மட்டும் ஏன் பூரல?"

"எனுக்குத் தெரியாதுக்கா. தம்பி செத்த வூடுன்னு..."

"தம்பி சாவறதுக்கு முன்னாலயே பூரலியே."

பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். "ரெண்டே வருஷத்துல சர்க்கார் நகரியத்துல வேல எப்டி கெடச்சுது? நாங்களும் மனுப் போட்டோமே?"

"தீர்மானத்த அனுப்புறன்னு எங்களாண்ட சொன்னியா நீ?"

"இன்னிக்கு எதுக்கு சொல்ற? ஃபைல்ல வேற இன்னாமோ கீது போல. அத மறைக்க இத சொல்றியா?"

எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. எல்லாப் பதிலும் உண்மை. ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. சொல்லச் சொல்ல அவளுக்கே தன் குரல் பொய் சொல்கிறவளின் குரல் போலக் கேட்டது. மஞ்சக்காமாலை என்று அன்று அவன் சொன்னதும் இப்படித்தான் கேட்டிருக்கும். தேவசகாயம் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று வாசல் பக்கம் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சந்திரம்மா வந்து அவள் கையிலிருந்த தீர்மான நோட்டை எடுத்து உலகநாதனிடம் கொடுத்தாள். "இனிமே வேற யாராச்சும் எழுதட்டும்," என்றாள். பட்டியலில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு மூன்று பேராகத் தணிந்த குரலில் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். தேவசகாயமும் எழுந்து வந்து இருபத்தேழாம் எண்ணுக்கு நேராகத் தன் பேரை எழுதினான். அவள் பழக்கிய கையெழுத்துதான்.

கூடம் காலியானது. சம்பூர்ணம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. எழுந்தால் தெருவில் நடக்க வேண்டும். தேவசகாயம் செருப்பை மாட்டிக்கொண்டான், வாசலைத் தாண்டினான், பிறகு திரும்பி வந்து அவளுக்கு எதிரில் குந்தினான். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். இரக்கம் இருக்கிறதா என்றும் தேடினாள். பதின்மூன்று வருஷம் அவனை எடைபோட்டவளுக்கு அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"இன்னிக்கு மொத நாளு, அப்டித்தான் இருக்கும்," என்றான். "போவப் போவப் பழகிடும்க்கா."